நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மிளகு

கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் ஒரே பந்தைத்தான் திரும்பத் திரும்பக் கூடைக்குள் போட்டார்கள்.

செத்துப்போனவன் என் சேக்காளி, அத்தனை வருடச் சிநேகிதன். போடியில் கூடைப்பந்து என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் அவனைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வருவார்கள். மாநில அணிக்கு ஆடியவன். ஆட்டம் நின்றபிறகு ஜீப் ஓட்டினான். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போவான். சாயங்காலம் அவர்களை ஊரில் இறக்கிவிட்ட கையோடு வண்டியை நேராக மைதானத்துக்கு விடுவான். அவன் உயரத்துக்கு அந்த ஜீப் ஒரு சட்டை மாதிரி இறுக்கமாக இருக்கும். மாசி மாதம் ஒருநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி நெஞ்சைப் பிடித்தவன் எழுந்திருக்கவே இல்லை. கையில் கிளாஸ் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு டீ சிந்தவில்லை. பந்து பிடித்த கை.

காரியம் முடிந்ததும் மைதானத்திலேயே நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ரசிகர்கள் ஆளுக்கு ஒரு ஞாபகம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு கூடைக் கம்பத்தின் கீழே மேடை. அதில் அவன் போட்டோ. போட்டோவுக்கு ஏலக்காய் மாலை. மந்திரிமார் வந்தால் போடுகிற மாலை அது. உயிரோடிருந்தபோது அவனுக்கு ஓர் ஏலக்காய் டீ வாங்கித் தராத கைகள் அன்றைக்கு மாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தன.

ஒரே பந்து என்றேனே, அது இதுதான். எங்கள் வாலிப காலத்தில் மெட்ராஸிலிருந்து வந்த பெரிய அணியோடு இந்த மைதானத்தில் இறுதிப் போட்டி. கடைசி நொடிகளில் அவன் நடுக்கோட்டில் நின்று பந்தை வீசினான். பந்து கூடைக்குள் இறங்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. ஜெயித்தோம். முதலில் பேசியவர் நடுக்கோட்டிலிருந்து வீசியதாகச் சொன்னார். அடுத்தவர், இல்லை, கோட்டுக்கு நாலடி பின்னால் என்றார். அதற்கடுத்தவர் அவனை எங்கள் கூடைக்குக் கீழேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்றார் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு வீசினான் என்றார் இன்னொருவர். இன்னும் ரெண்டு பேர் பேசியிருந்தால் குரங்கணி மலையிலிருந்து வீசியிருப்பான்.

அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன். பார்த்தேன் என்ன, ஆடினேன், பெஞ்சில் உட்கார்ந்து. அவன் ஆடிய ஆட்டமெல்லாம் நானும் அப்படித்தான் ஆடியிருக்கிறேன். கோச் எங்கள் பக்கம் திரும்பினாலே நான் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுவேன். என் ஷூவுக்கு லேஸே கிடையாது. அப்படிப்பட்ட வீரன் சொல்கிறேன்: அந்தப் பந்து உள்ளே விழவில்லை. போர்டில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்தது. எங்கள் அணியின் குட்டையான பையன் ஒருத்தன் எம்பி அதைத் தட்டி உள்ளே விட்டான். இதை என் சேக்காளியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். எவ்வளவு தன்னடக்கம் என்று அதற்கும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “அடக்கமாவது மண்ணாவது, உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்குறாய்ங்களே மாப்ளே” என்று என்னிடம் தலையில் அடித்துக்கொள்வான்.

அது போகட்டும். பொய்யான ஞாபகத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நானும் இருந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அந்தப் பந்தைப் பற்றியது அல்ல. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் கண் சிவக்கும், நரம்பு புடைக்கும். எனக்கு ஒன்றுக்கு வரும். பிளாஸ்டிக் நாற்காலியில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் மிளகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் மைதானம் சிமெண்டுத் தரை. அதை வைத்திருக்கிற சங்கத்தின் செயலாளர் மிளகு, காப்பி, ஏலக்காய் எல்லாம் வாங்கி விற்கிறவர். நிர்வாகத்தில் மற்றவர்களும் அப்படியே. சிமெண்டுத் தரை வெயிலில் சும்மா கிடப்பதைப் பார்க்க ஒரு வியாபாரியால் எப்படி முடியும்? மார்கழியில் காப்பிப் பழம் வந்து விழும். தை பிறந்தால் மிளகு. மலைத்தோட்டத்திலிருந்து பச்சையாக வந்து இறங்குகிற மிளகைத் தரை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். நாலைந்து வெயிலில் சுருங்கிக் கறுக்கும். சாயங்காலம் குவித்து, படுதா போட்டு மூடி, கல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பனியிலோ மழையிலோ பூசணம் பூத்துப்போகும். குவிப்பதற்கு ஆள் வேண்டுமே. அங்கேதான் என் சேக்காளி வந்து மாட்டினான்.

அவன் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது சங்கத்தில் முதலில் முடியாது என்றார்கள். பிறகு, மிளகு கிடக்கிற மாதங்களில் எப்படி ஆடுவது என்று யோசிப்பதுபோலத் தாடையைத் தடவினார்கள். குவித்து மூடிவிட்டு ஆடிக்கொள்கிறோம் என்று இவன் சொன்னான். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவர்களுடைய கூலியாட்கள் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பலகையால் மிளகைத் தள்ளிக் குவித்தார்கள். வருடக்கணக்காக இது நடந்தது. வாடகை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அசிங்கமாகிவிடும் அல்லவா.

சரி, இப்போது அவன் செத்தான். செத்த மறுவாரம் செயலாளர் அவன் மகளைக் கூப்பிட்டனுப்பினார். மகள் கல்லூரி முடித்தவள். அப்பனிடம் ஆட்டம் கற்ற பிள்ளைகளில் மூத்தவள். அப்பன் ஜீப் வர நேரமானால் அவள்தான் விசில் ஊதுவாள். அந்தக் கோடையில் பக்கத்து ஊர்ப் போட்டியில் ஆட எங்கள் பிள்ளைகள் அணிக்கு முதல்முறையாக அழைப்பு வந்திருந்தது. அதை வாங்க அப்பன் நடந்த நடை கொஞ்சமல்ல. செயலாளர் அவளிடம் சொன்னாராம்: பொறுப்பான ஆள் இல்லாமல் பொம்பளப் பிள்ளைகளை மைதானத்தில் விட முடியாது, நிர்வாகம் கூடி முடிவெடுக்கும், அதுவரைக்கும் பயிற்சி வேண்டாம். சொல்லிவிட்டு, மிளகு மட்டும் அப்பா செய்த மாதிரியே தினமும் வந்து அள்ளிவிடுங்கள் என்றாராம்.

இதை அவள் என் கடையில் நின்று சொன்னாள். எனக்கு ஜீப் சாமான் விற்கிற கடை. கையில் ஒரு பிரேக் ஷூ இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

“அள்ளுறீங்களா?”

“அள்ளுறோம் மாமா. மாட்டேன்னா ஒரேயடியாப் பூட்டிருவாங்களோன்னு பயம். வாட்ச்மேன் கேட்டத் திறந்து விடுவாரு. அள்ளி மூடுனதும், சரி தாயி கிளம்புங்கன்னு பூட்டிருவாரு. பந்த உள்ள கொண்டாரக்கூட விடல.”

பிரேக் ஷூவை வீசலாமா என்று பார்த்தேன். யார் மீது வீச? எதிரே நாட்காட்டியில் முருகன்தான் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தேன்.

கூட்டத்தில் அவளுக்குப் பேச இடமில்லை. பேசுகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள். கடைசியில் என்னைப் போட்டிருந்தார்கள். காதுகுத்து, கல்யாணம், எது நடந்தாலும் என்னிடம் மைக்கைக் கொடுத்தால் நாலு பகடி பண்ணிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்து அனுப்புவேன் என்று ஊரில் ஒரு பெயர். அழுகிற கூட்டத்தையும் கலகலப்பாகக் கலைத்து விடலாம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குள் பயம் கிளம்பும்போது வாய் தானாகப் பகடி பேசும், அவ்வளவுதான் ரகசியம். பயம் நின்றால் பகடியும் நின்றுவிடும், இதுவரை நின்றதில்லை.

“மாமா, பகடி பண்ணிராதீங்க” என்றாள். “மைதானத்துச் சாவியக் கேளுங்க. எல்லாரும் இருக்கையில கேட்டாத்தான் அவரால முடியாதுன்னு சொல்ல முடியாது.”

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. கூட்டத்து அன்றைக்கு மத்தியானத்திலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்த ஆளே என்னை நம்பவில்லை. என் வீட்டம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, சாவி கேட்கப் போகிறீர்களா, மன்னிப்புக் கேட்கப் போகிறீர்களா என்றாள்.

கூட்டத்தில் எனக்கு முன்னால் செயலாளர் எழுந்தார். மேடையிலிருந்து பார்த்தால் எதிர்க் கம்பத்தின் கீழே, நாற்காலிகளுக்குப் பின்னால், படுதா போட்ட மிளகுக் குவியல் தெரியும். நினைவுக் கூட்டத்துக்கு நாற்காலி போட இடம் வேண்டுமென்று அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே வரச்சொல்லி அந்தப் பிள்ளைகளைத்தான் குவிக்க வைத்திருந்தார்கள். தன் அப்பனின் நினைவுக் கூட்டத்துக்குச் சங்கத்துக்காரர்களின் மிளகை அள்ளி ஒதுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் அந்த மகள்.

செயலாளர் கண்ணைத் துடைத்தார். நடுக்கோட்டுப் பந்தை அவரும் ஒருமுறை வீசினார். சுவரில் அந்தக் காட்சியைப் பெரிய படமாக வரையப்போவதாக அறிவித்தார். கைதட்டல். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இந்த மைதானம் அவருக்குக் கோயில் மாதிரி என்றார். மாநிலத்துக்கு ஆடிய மனுசன் தினமும் தன் கையால் இந்தத் தரையைக் கூட்டிப் பெருக்குவார், அந்தப் பணிவு இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்றார்.

பணிவு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் பின்னிய கால் தானாகப் பிரிந்தது.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். வேட்டி கட்டிப் போனது பெரிய தப்பு. முழங்கால் ஆடுவது வேட்டியில் அப்படியே தெரிகிறது, காற்றில் கொடி ஆடுவதுபோல. முன்வரிசையில் ஒருவர் இப்போதே சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார். அந்தப் பந்து உள்ளே விழவே இல்லை என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். பெஞ்சில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தார்கள். என் வாய் அந்தச் சிரிப்பின் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. இன்னொரு பகடி நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இறங்கி வந்திருக்கலாம். கடைசி வரிசையைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தது.

எனக்குப் பிடித்த ஞாபகம் வேறு என்று சொன்னேன்.

ஒரு தை மாதச் சாயங்காலம். ஜீப்பை நிறுத்திவிட்டு அவன் உள்ளே வந்தான். மிளகில் கால் வைக்குமுன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். சாப்பிடுகிற சாமான் என்பான். யார் வீட்டு மிளகானாலும் செருப்புக் காலோடு மிதிக்க மாட்டான். நெஞ்சில் மாநிலத்தின் பெயர் பாதி அழிந்துபோன பழைய பனியன். பலகையைப் பிடித்துத் தள்ளிக் குவித்தான். பிள்ளைகள் எதிர்ப்பக்கமிருந்து தள்ளினார்கள். சுவரோரக் கல்லில் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பேச்சை நிறுத்தாமலே, ஓரத்தில் கொஞ்சம் கிடக்கிறது பார் என்று விரலைக் காட்டினார். இந்த ஊருக்குக் கோப்பை கொண்டுவந்து கொடுத்தவன் கோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்து அந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பிழைப்பு உனக்கு எதற்கடா என்று அங்கேயே கத்தினேன். அவன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

“சத்தம் போட்டா இன்னைக்கு ஜெயிச்சிருவேன் மாப்ளே. நாளைக்குக் கேட்டப் பூட்டிருவாய்ங்க. பிள்ளைக ஆடணும்ல. வெரசா அள்ளு, இருட்டப் போகுது.”

இதை மைக்கில் சொன்னேன். அது பணிவு இல்லை, கேட்டுக்குக் கொடுத்த விலை என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்து, விடலைச் சேவல் கூவுவதுபோல மேலே போய்விட்டது. அதைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலுபேர். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பகடி இல்லாமல் பேசுகிறேன், அதற்கும் சிரிக்கிறார்கள். இந்த ஊரில் என் வீடு தீப்பற்றி நான் கத்தினாலும் கையைத் தட்டிவிட்டு அடுத்தது என்ன என்று பார்ப்பார்கள்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்செட் ஆளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். மைக் செத்தது. நான் சாவியைக் கேட்டேன். உதடு அசைந்தது முன்வரிசைக்குத் தெரிந்திருக்கும், சத்தம் எனக்கே கேட்கவில்லை. செயலாளர் என் தோளில் கைபோட்டு, அண்ணனுக்கு நண்பன் போன துக்கம், தண்ணி கொடுங்கப்பா என்றார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டேன். அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. அந்தத் தண்ணீரை எதற்குக் குடித்தேன்?

அப்போது கடைசி வரிசையில் அவள் எழுந்தாள். மைக் இல்லை. அப்பன் குரல் அவளுக்கு. ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

“மாமா விளையாட்டுக்குச் சொல்லல. எங்களுக்குச் சாவி வேணும். ஆட விடலைன்னா நாளையிலருந்து நாங்க மிளகு அள்ள மாட்டோம்.”

சிரிப்பு நின்றது. செயலாளர் சிரித்த முகமாகவே, நிர்வாகத்தில் வைத்துப் பேசலாம் தாயி என்றார். கூட்டம் நன்றியுரை இல்லாமல் கலைந்தது. வெளியே டீக்கடையில் ரசிகர்கள் மறுபடியும் நடுக்கோட்டிலிருந்து வீச ஆரம்பித்தார்கள். மிளகைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, நல்ல நாளும் அதுவுமா அதை ஏன் இழுத்தீர்கள் என்று வருத்தப்பட்டார். நல்ல நாளாம். செத்தவனுக்குக் கூட்டம் போடுகிற நாள் எதில் சேர்த்தி என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பிள்ளைகள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சங்கத்து முதலாளிமார் ஒருநாள் கூலியாட்களைச் சாயங்காலம் வரை இருக்கவைத்துப் பார்த்தார்கள். ஆனால் வெயிலிருக்க வீட்டுக்குப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். மறுநாள் அவரவர் சோலியைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வாட்ச்மேன் ஒற்றை ஆளாக அள்ளினார். பிள்ளைகளோ சாயங்காலமானால் பந்தோடு வந்து கேட்டுக்கு வெளியே நிற்கும் என் சேக்காளியுடைய ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியவர் கூட இருக்கவேண்டுமே என்று நானும் முன்சீட்டில் உட்கார்ந்தேன். யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஓட்டுகிறவன் மாதிரி. எனக்கு ஜீப் ஓட்டத் தெரியாது.

பங்குனி கடைசியில் ஒருநாள் வெயில் ஒரு மாதிரி மஞ்சளாக அடித்தது. குரங்கணிப் பக்கம் மலை மறைந்துவிட்டது. காற்று ஒரு சுழற்றுச் சுழற்றி, மண்வாசம் வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கிற்று. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்? மைதானம் முழுக்க மிளகு விரிந்து கிடந்தது. வாட்ச்மேன் ஒரு முனையில் படுதாவை இழுத்தால் மறுமுனை காற்றில் பறந்தது. செயலாளர் காரில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுதாவின் பின்னால் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. விரட்டிப் பிடிக்கப் போவார், படுதா விலகும், மறுபடி விரட்டுவார். அழகான டிரிபிளிங்.

ஜீப்புக்குள் பின்சீட்டில் ஒரு சின்னப்பிள்ளை எழுந்துவிட்டாள். மழை கண்டால் மிளகை மூட ஓடிப் பழகிய கால். அவளை அறியாமலே ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிள்ளை மறுபடி உட்கார்ந்து அழுதது. மிளகு நனையுதே அக்கா என்றது. இந்த வயதில், யாரோ ஒருவருடைய மிளகுக்காக அழுகிற அளவுக்கு இந்தப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நேரம் செயலாளரைப் பார்த்து வந்த சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

செல்போன் அடித்தது. அவர்தான். கம்பிக் கேட்டுக்கு உள்ளே நனைந்துகொண்டு நிற்கிறார், வெளியே ஜீப்பில் இருக்கிற எனக்குப் போன் போடுகிறார். இருபதடி தூரம் இருக்காது.

“பிள்ளைகள அனுப்பி விடுங்கண்ணே. சாமான் பூராம் வீணாப்போகுது.”

ஏதாவது கண்டபடி பேசிவிடுவேனோ என்று பயந்து போனைப் பின்னால் மகளிடம் நீட்டினேன். அவள் காதில் வைத்து, சாவி என்று ஒரே சொல் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீரோடு மிளகு உருண்டு வந்து சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அன்றைக்குச் சாவி கொடுக்கவில்லை. மனுசன் வீம்பு பிடித்தவர், முழுக்க நனைந்தார்.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார். பிரேக் வயர் விலை விசாரித்தார். அவரிடம் இருப்பது கார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். மைதானத்தில் பாதியைப் பிள்ளைகளுக்கு விடுவதாகச் சொன்னார். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டம், அந்தப் பக்கம் மிளகு. மிளகை அவர் ஆட்களே அள்ளுவார்கள். ஆனால் பொறுப்பான ஆம்பளை ஒருத்தர் தினமும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏதாவது ஒன்று நடந்தால் சங்கத்துக்குக் கெட்டபெயர் என்றார். ஏதாவது ஒன்று என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பிரேக் வயரை வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

பாதி மைதானத்தில் ஆடிப் பழகி எந்த ஊரில் போய் ஜெயிக்கிறது, வாங்காதே என்று நான் அவளிடம் குதித்தேன். அவள் என்னைப் போலக் குதிக்கிறவள் இல்லை. ஒரு கூடை கிடைத்தால் பந்து போடலாம், கூடையே இல்லாமல் ரோஷத்தை வைத்து என்ன மாமா செய்வது என்றாள். போட்டிக்கு அதிக நாள் இல்லை. மிளகு சீசன் முடிந்ததும் மீதிப் பாதியைக் கேட்போம், அதுவரைக்கும் அள்ள மட்டும் மாட்டோம் என்றாள். சரி, பொறுப்பான ஆளுக்கு எங்கே போவாய் என்று கேட்டேன்.

“நீங்க இருக்கீங்கள்ல மாமா.”

நானா? கரண்ட் போனால் முதலில் கத்துகிறவன் நான். ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தால் எனக்குத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவள் விசிலை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். அவள் அப்பனுடைய விசில். ஊதத் தேவையில்லை, சும்மா போட்டுக்கொண்டு உட்காருங்கள், பார்ப்பதற்கு ஒரு ஆள் என்றாள். இப்படியாக ஒரு வாழ்நாள் சுற்றிவிட்டு நான் மறுபடியும் அதே மைதானத்தில் அதே பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்.

கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் தினமும் போகிறேன். சுவரில் படம் வரைந்து முடித்துவிட்டார்கள். என் சேக்காளி நடுக்கோட்டில் நிற்கிறான், பந்து நெருப்புப் பற்றி எரிந்துகொண்டு கூடைக்குள் இறங்குகிறது. ரசிகர்கள் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பத்தடி தள்ளி அவனுடைய பிள்ளைகள் பாதி மைதானத்தில் முட்டி மோதி ஆடுவதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் ஒரு பாஸ் தவறி, பந்து நடுக்கோட்டைத் தாண்டி உருண்டு மிளகின் நட்டநடுவில் போய் நின்றது. பிள்ளைகள் கோட்டில் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. சுவரோரக் கல்லில் சங்கத்துக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செயலாளரும் இருந்தார். பிள்ளைகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். லேஸ் கட்டலாம் என்று பழக்கத்தில் குனிந்தேன். காலில் செருப்பு.

எழுந்தேன். வேட்டி வழக்கம்போல ஆடத் தொடங்கியது. ஒன்றுக்கு வந்தது. நடுக்கோடு வரைக்கும் போய் நின்றேன். எதிரே மிளகு, நன்றாகக் காய்ந்து, கன்னங்கரேலென்று, ஒரு காலடிகூடப் படாமல் விரிந்து கிடந்தது. என் சேக்காளி இந்த இடத்தில்தான் ஷூவைக் கழற்றுவான்.

நான் கழற்றவில்லை. முதல் அடியிலேயே காலுக்கடியில் நறநறவென்று சத்தம் கேட்டது. கல்லில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். நான் பந்தைப் பார்த்தே நடந்தேன்.

“மாமா, செருப்பு” என்று பின்னாலிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்.

காதில் விழுந்தது. விழாத மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன்.